மூல ஓலையும் குடும்ப நீதிமன்றமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இசையும் நாடகமும் பட்டிமன்றமும் நிகழ்தல் முறை. அத்தகைய மேடையில் குடும்ப நீதிமன்றத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றார்கள். மங்கல நாளில் வழக்குப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக் கூடும். மும்பை மழையை அறிந்த நமக்கு இதற்கு விடை சொல்ல வேண்டுவதில்லை. ஆனி பிறந்த பின் கூரைக்குத் தார்ப்பாய் தேடுவோர் நனைகின்றனர்; சித்திரையிலேயே தேடி வைத்தோர் நனையாமல் தப்புகின்றனர்.

நாம் வாழும் இவ்வூரின் பெயர் சுனாபட்டி. சுண்ணாம்புச் சூளை என்பது அதன் பொருள். சூளையும் ஆலையும் புகைந்த இந்நகரில் பிழைப்பு நாடி வந்த நம்மவர், தாராவி, மாதுங்கா, செம்பூர், சுனாபட்டி எனப் பல இடங்களிலும் பரவினர். ஆயினும் நம் குடும்பங்களின் வேர் ஓரிடத்தில் மட்டும் இல்லை. பெண் எடுப்பது ஊரில்; குடித்தனம் இங்கே. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில், பள்ளிக்கூடம் இங்கே. திருமண அழைப்பிதழ் தமிழில். ரேஷன் அட்டை மராத்தியில். வேலைச் சான்று ஆங்கிலத்தில். ஒரு குடும்பத்தின் வரலாறு ஈரூர்களில் மும்மொழிகளில் சிதறிக் கிடக்கின்றது. இல்லறம் இனிது நடக்கும் வரையில் இச்சிதறல் நம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. பிரிவோ, ஜீவனாம்ச வழக்கோ, பிள்ளையைப் பற்றிய வழக்கோ எழுந்த அன்றுதான், ‘அந்தத் தாள் எங்கே?’ என்னும் கேள்வி பிறக்கின்றது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே. நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ந்துவிட்டது என்பதனால் மட்டும் அது நமக்குத் தீர்ந்துவிடுவதில்லை. அதன் தாள் நம் கைக்கு வந்து சேர்ந்த பின்னரே தீர்ந்ததாகும்.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் திருமண நாளில் எழுந்த வழக்கு ஒன்று வருகின்றது. சமயக் கருத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வழக்கு நடந்த முறையை மட்டும் நோக்குவோம். புத்தூரில் நம்பியாரூரருக்கு மணம் நிகழ இருந்த வேளையில் முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் அவ்வாறு எழுதித் தந்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் வழக்காடுகின்றார். மணமகன் வெகுண்டு ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. நெடுநாளைய வழக்கம், எழுத்து, அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றனைக் காட்டுமாறு அவையோர் கேட்கின்றனர். முதியவர் கலங்கவில்லை. கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூல ஓலை தம்மிடமே இருக்கின்றது என்றும் கூறி அதனை அவையில் வைக்கின்றார். அவையோரும் அதனைக் கண்டவுடன் ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பு அளிக்கின்றனர்.

12 ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்நூலில் மூலம், படி, காப்பறை, ஒப்பீடு ஆகிய நான்கும் இருக்கின்றன. இன்று பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் நடப்பதும் இந்நான்கே. சுனாபட்டியையும் அவ்வளாகத்தையும் இணைக்கும் மேம்பாலம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. தொலைவு குறைந்துவிட்டது. ஆனால் நம் மனத்தில் உள்ள தயக்கம் குறைந்ததா?

குறையவில்லை என்பதே என் கருத்து. குடும்ப வழக்கின் தாளை நம்மவர் பலர் இழிவின் அடையாளமாகக் கருதுகின்றனர். தீர்ப்பு வந்த அன்று, ‘போதும், இனி அந்தப் படியை மிதிக்க வேண்டா’ என்று வீடு திரும்பி விடுகின்றனர். நகல் எடுப்பதில்லை, எண்ணைக் குறித்து வைப்பதும் இல்லை. பத்து ஆண்டு கழிந்து அப்பெண்ணுக்கு மறுமணம் பேசும்போது, பதிவு அலுவலர் தீர்ப்பின் நகலைக் கேட்கின்றார். அன்று வெட்கத்தால் விட்டுவந்த தாளை இன்று கண்ணீரோடு தேட வேண்டியதாகின்றது.

இவ்வெட்கத்துக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு, வழக்கு விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டும் என்கின்றது. விசாரணைச் செய்திகளை அச்சிட்டுப் பரப்புதலையும் தடுக்கின்றது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11 ஆம் பிரிவும், இரு தரப்பினருள் ஒருவர் விரும்பினாலும் மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்கின்றது. ஆகவே நம் வீட்டுச் செய்தி தெருவுக்கு வரும் என்னும் அச்சம் வேண்டா.

இனி, ஆவணம் எந்த நீதிமன்றத்தில் இருக்கும் என்று காண்போம். அதற்குக் காலமும் இடமும் அறிதல் வேண்டும்.

முதலில் காலம். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984 இல் இயற்றப்பட்டது. மும்பையில் குடும்ப நீதிமன்றம் 1989 இல் அமைந்தது. அதன் பின் தொடுத்த மணமுறிவு, சேர்ந்து வாழ்தல், பிள்ளைகளின் பாதுகாப்பு, ஜீவனாம்சம் ஆகிய வழக்குகளின் கட்டுகளை அங்கே தேட வேண்டும். அதற்கு முற்பட்ட மணமுறிவு வழக்குகளை, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தேட வேண்டும். அது கோட்டைப் பகுதியில் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில் இருக்கின்றது. அக்காலத்து ஜீவனாம்ச வழக்குகள் மாஜிஸ்திரேட்டு நீதிமன்றங்களில் நடந்தன. ‘எங்கள் காலத்தில் விவாகரத்தே கிடையாது’ என்று முதியோர் கூறுவதை நம்பித் தேடாமல் விடுதல் கூடாது. 1955 இல் இந்துத் திருமணச் சட்டம் வருமுன்பே, பம்பாய் மாகாணத்தில் 1947 இலும் சென்னை மாகாணத்தில் 1949 இலும் இந்துக்களுக்கு மணமுறிவு உரிமை வழங்கும் சட்டங்கள் இயற்றப்பட்டுவிட்டன.

கிறித்தவக் குடும்பங்கள் இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1869 ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தின்படி, மாவட்ட நீதிமன்றம் அளித்த மணமுறிவுத் தீர்ப்பை உயர்நீதிமன்றம் உறுதி செய்தல் வேண்டும் என்னும் விதி இருந்தது. 2001 இல்தான் அவ்விதி நீங்கியது. ஆதலின் அதற்கு முற்பட்ட தீர்ப்பாயின், கீழ்நீதிமன்றத்தின் தாள் ஒன்று, உயர்நீதிமன்றத்தின் உறுதித் தாள் ஒன்று என இரண்டையும் தேட வேண்டியிருக்கலாம்.

அடுத்தது இடம். இதுவே நம் போன்ற ஈரூர்க் குடும்பங்களை மயங்கச் செய்வது. இந்துத் திருமணச் சட்டத்தின் 19 ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த ஊரிலும் வழக்கிடலாம். எதிர்த்தரப்பினர் வாழும் ஊரிலும் வழக்கிடலாம். கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலும் வழக்கிடலாம். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தால், மனைவி வழக்கிடுவதாயின் அவள் வாழும் ஊரிலேயே தொடுக்கலாம் என்னும் உரிமையும் கிடைத்தது. ஆகவே சுனாபட்டியில் வாழ்ந்த தம்பதியரின் வழக்குக் கட்டு திருநெல்வேலியிலும் இருக்கலாம். ஒரு மாநிலத்தில் தொடுத்த வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. அங்ஙனம் மாற்றிய வழக்கில் கட்டும் உடன் செல்லும். தொடுத்த இடத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால், மாற்றிய ஆணையைக் கேட்டறிந்து, சென்ற இடத்தில் தேட வேண்டும்.

ஊரில் தொடுத்த வழக்கின் சம்மன், நாம் காலி செய்துவிட்ட பழைய கோலிக்கு வந்து திரும்புதலும் உண்டு. பின்னர் ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடுகின்றது. அதனை நீக்குமாறு 30 நாளுக்குள் மனுச் செய்யலாம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கிடப்படும். ஆதலின் தீர்ப்பைப் பற்றி எந்த நாளில், யார் வாயிலாக அறிந்தோம் என்பதையும் எழுதி வைத்தல் நன்று.

காலமும் இடமும் தெரிந்த பின்னர்ப் பெயரைக் கொண்டு தேட வேண்டும். ஈண்டுத்தான் தமிழர் படும் இடர் பெரிது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைப்போம். இந்நகரத்து வழக்கமோ தம் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என மூன்றாக அடுக்குவது. படிவத்தில் மூன்றாம் கட்டம் காலியாக இருத்தல் ஆகாது என்று ஒருவர்க்குப் பாட்டனார் பெயரையும், ஒருவர்க்கு ஊர்ப் பெயரையும், ஒருவர்க்குக் குலப் பெயரையும் எழுத்தர் நிரப்பியிருப்பார். இசக்கியம்மாள் என்னும் பெயரை ஒருவர் ஆங்கில ‘ஐ’ எழுத்தில் தொடங்கியிருப்பார். மற்றொருவர் ‘ஈ’ எழுத்தில் தொடங்கியிருப்பார். ஆதலின் ஒரு வடிவத்தில் தேடி, ‘வழக்கே இல்லை’ என்று திரும்புதல் கூடாது. எத்தனை விதமாக எழுதக் கூடுமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். எதிர்த்தரப்பினர் பெயராலும் தேடுங்கள்.

வழக்கு எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மும்பைக் குடும்ப நீதிமன்றத்தில் எண்ணுக்கு முன் நிற்கும் எழுத்தே வழக்கின் வகையைக் காட்டும். மணமுறிவு முதலிய திருமண மனுக்கள் ‘ஏ’ என்னும் எழுத்தையும், பிள்ளைகளின் பாதுகாப்பு மனுக்கள் ‘டி’ என்னும் எழுத்தையும், குற்றவியல் நடைமுறைச் சட்டவழி ஜீவனாம்ச மனுக்கள் ‘ஈ’ என்னும் எழுத்தையும், இருவரும் ஒப்பிய மணமுறிவு மனுக்கள் ‘எஃப்’ என்னும் எழுத்தையும் பெற்று வரும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று எண்கள் இருத்தலும் உண்டு. அண்மைக் கால வழக்குகளுக்கு எழுத்தும் எண்ணுமாக 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்றும் உண்டு. அதனைக் கொண்டு இ-கோர்ட்ஸ் சேவையில் வழக்கின் நிலையையும் அடுத்த வாய்தாவையும் வீட்டிலிருந்தே அறியலாம். இங்கே நாம் ‘தாரீக்’ என்று சொல்வது இந்த வாய்தாவைத்தான்.

பின்னர்ச் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கு எண், இரு தரப்பார் பெயர், தீர்ப்பு நாள், வேண்டும் ஆவணம் ஆகியவற்றைக் குறித்து, நகல் பிரிவில் கொடுத்து, உரிய கட்டணம் செலுத்துதல் முறை. சாதாரண செராக்ஸ் படி வேறு. நீதிமன்ற முத்திரையும் அலுவலர் ஒப்பமும் பெற்ற நகல் வேறு. முன்னது நம் நினைவுக்கு, பின்னதே சான்றுக்கு. பலர் அறியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, மணமுறிவுத் தீர்ப்பின் நகல் ஒன்றை இரு தரப்பார்க்கும் இலவசமாகவே நீதிமன்றம் தருதல் வேண்டும் என்கின்றது. கேட்டுப் பெறாமல் விடுவது நம் குறை.

காலம் தாழ்த்துதலும் கேடு. தீர்ந்த வழக்குக் கட்டுகளின் தேவையற்ற பகுதிகளை, விதித்த காலம் கழிந்த பின் அழிப்பதற்கு 1917 ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம் இடம் தருகின்றது. நாம் சான்றாகக் கொடுத்த மூலத் திருமணப் பத்திரிகையும் புகைப்படமும் சான்றிதழும் அக்கட்டினுள் கிடக்கலாம். மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் அவற்றைத் திரும்பப் பெற மனுச் செய்ய உரிமை உண்டு. அந்த மேல்முறையீட்டுக் காலம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள் என்றும், இந்துத் திருமணச் சட்டத்தில் 90 நாள் என்றும் இருக்கின்றது. மேல்முறையீடு செய்ய எண்ணுவோர் நீண்ட கணக்கை நம்பி இராமல், 30 நாளுக்குள் முயலுதலே அறிவுடைமை.

இனிப் புதிதாக மனுத் தாக்கல் செய்வோர்க்குச் சில கூறுவேன். திருமணச் சான்றிதழ், அழைப்பிதழ், மணநாள் புகைப்படம், சேர்ந்து வாழ்ந்த முகவரிக்குச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்டுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பை இணையுங்கள். ஜீவனாம்சம் கேட்பதாயின், இருவரும் தத்தம் வருவாய், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாண வாக்குமூலத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 ஆம் நாள் ஆணையிட்டது. ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பயன். ஆகவே மனு ஏற்கப்பட்ட நாளைக் காட்டும் முத்திரையிட்ட படி, அப்பெண்ணுக்குப் பணமே ஆகும். முன்பு 125 ஆம் பிரிவு என்று வழங்கிய ஜீவனாம்ச விதி, 2024 சூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144 ஆம் பிரிவாக இருக்கின்றது. பழைய தாளில் ஓர் எண்ணும் புதிய தாளில் வேறோர் எண்ணும் கண்டு மயங்க வேண்டா. அவ்விதியின்படி, கணவன் தவறிய தொகையை வசூலிக்க, அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று ஒரு சிறு நோட்டில் எழுதி வரும் தாய் அவ்வுரிமையை இழக்க மாட்டாள்.

‘வக்கீலுக்குப் பணம் ஏது?’ என்று தாய்மார் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தம் வழக்கைத் தாமே நடத்தலாம். சட்டத்தின் 13 ஆம் பிரிவு அந்நோக்குடனேயே எழுதப்பட்டது. பேசித் தீர்க்க இயலுமா என்று முதலில் முயல்வதும் நீதிமன்றத்தின் கடமை. அதற்கெனக் குடும்ப ஆலோசகர்கள் இருக்கின்றனர். 1994 அக்டோபர் 1 ஆம் நாள் மகாராட்டிர அரசு வெளியிட்ட அறிவிப்பு, ஜீவனாம்சம், மணமுறிவு, சொத்து, வன்கொடுமை ஆகியவை பற்றிய வழக்குகளில் பெண்களுக்கு நீதிமன்றக் கட்டணத்தை நீக்கியது. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருவாய் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் அவ்வுதவியைக் கேட்கலாம்.

பெரியோர்களே! இங்கு உங்கள் மனம் நோவாமல் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்களும் சங்கத்தாரும் கூடி, முத்திரைத் தாளில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி, இருவரிடமும் கைச்சாத்து வாங்கித் தீர்த்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நோக்கம் நல்லது. சினத்தோடு வந்தவர்களை அமைதியோடு அனுப்பிய பெரியவர்களை நான் வணங்குகின்றேன். ஆயினும், அத்தாள் மணமுறிவு ஆகுமா? இந்துத் திருமணச் சட்டத்தின் 29 ஆம் பிரிவு, வழக்காற்றின்படி நிகழும் மணமுறிவை ஏற்கின்றது. ஆனால் அத்தகைய வழக்காறு அச்சமூகத்தில் நெடுங்காலமாக நிலைத்து வருவதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். மெய்ப்பிக்க இயலாதபோது, அத்தாள் வெறும் ஒப்பந்தமாகவே நின்றுவிடும்.

அதன் விளைவைக் கருதிப் பாருங்கள். அத்தாளை நம்பி ஒரு பெண் மறுமணம் செய்துகொண்டாள். இருபது ஆண்டு நல்ல இல்லறம் நடத்தினாள். இரண்டாம் கணவர் மறைந்தார். ஓய்வூதிய அலுவலகம், முதல் மணம் முறிந்ததற்கு நீதிமன்றத் தீர்ப்பு எங்கே என்று கேட்கின்றது. விடுதலைப் பத்திரத்தைக் காட்டுகின்றாள். அது செல்லாது என்கின்றார்கள். அத்தாளில் ஒப்பமிட்ட பெரியவர்களுள் ஒருவரும் இன்று உயிருடன் இல்லை. சாட்சியும் மறைந்தது, எழுத்தும் நிற்கவில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்ட மூன்றனுள் எதனை அவள் காட்டுவாள்? இந்நிலை நம் சகோதரி ஒருத்திக்கும் வாராதிருத்தல் வேண்டும். பேசித் தீர்த்த பின், அத்தீர்வை இருவரும் ஒப்பிய மனுவாக எழுதி, நீதிமன்றத்தில் வைத்துத் தீர்ப்பாகப் பெறுங்கள். 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு வழி வகுத்திருக்கின்றது. பெரியவர்களின் சொல்லுக்கு அதனால் பெருமை கூடுமேயன்றிக் குறையாது.

வெளிநாடு செல்லும் இளைஞர்க்கும் ஒரு சொல். அமெரிக்க நாட்டில் பெரும்பாலான கவுண்டிகளில் நீதிமன்றமும் ஆவணங்களைக் காக்கும் எழுத்தர் அலுவலகமும் உண்டு. அங்கே மறுமணத்துக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, இங்குப் பெற்ற மணமுறிவுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்கக் கூடும். அப்போஸ்டில் உடன்படிக்கை 2005 இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதனால் நம் நீதிமன்ற நகலில் வெளியுறவு அமைச்சகத்தின் அச்சான்று பெற்றால், அவ்வுடன்படிக்கை ஏற்கும் நாடுகளில் அது செல்லும். சுனாபட்டியிலிருந்து எத்தனைக் கடல் தாண்டினாலும், அந்தத் தாள் பின்தொடர்ந்து வர வேண்டியிருக்கின்றது.

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: சங்க மண்டபத்தில் நடைபெறும் ஒவ்வொரு திருமணமும் மாநகராட்சி அலுவலகத்தில் பதிவு பெறும் வரை சங்கம் பின்தொடர்தல் வேண்டும். இரண்டு: தமிழும் மராத்தியும் ஆங்கிலமும் அறிந்த இளைஞர் சிலர், மாதம் ஒரு ஞாயிறு சங்க அறையில் அமர்ந்து, படிவம் நிரப்பவும் மொழிபெயர்க்கவும் உதவுதல் வேண்டும். மூன்று: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு இருத்தல் வேண்டும். அதன் முதல் தாளில் வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்பு நாள், நகல் பெற்ற நாள் ஆகியவற்றை எழுதி வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் இருவராவது அறிந்திருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் ஓலையைப் புகையும் பூச்சியும் அணுகாமல் காத்தனர். ஏடு நைந்தபோது வேறு ஏட்டில் எழுதி வைத்தனர். அதனால் அன்றோ நம் இலக்கியம் நமக்குக் கிடைத்தது? ஏட்டைக் காத்த மரபில் வந்த நாம், நம் பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் உரிய தாளையும் அங்ஙனமே காப்போமாக.